பக்கம் சேராதவர் ஓட்டுக்கு என்ன மதிப்பு? வட அயர்லாந்தின் அலையன்ஸ் கட்சி

“வட அயர்லாந்தில் கத்தோலிக்கருக்கு ஒரு கட்சி, புராட்டஸ்டன்ட்டுக்கு ஒரு கட்சி என்று எல்லாம் பிரிந்து கிடக்கிறது. அங்கே அலையன்ஸ் என்ற பொதுக் கட்சி எப்படி இத்தனை வருடம் தாக்குப்பிடித்தது? அது நிஜமாகவே நடுநிலைக் கட்சிதானா, இல்லை மறைமுகமாக ஒரு பக்கமா?” என்பது கேள்வி.

தாக்குப்பிடித்ததற்குப் பெரிய காரணம் அங்குள்ள தேர்தல் முறை. ஓட்டு வாங்கியும் அதற்கேற்ற அதிகாரம் கிடைக்காமல் போனதற்குக் காரணம், 1998-ல் அமைதியைக் கொண்டுவந்த அதே உடன்படிக்கையில் எழுதிவைத்த ஒரு விதி. இந்த இரண்டையும் விளக்கினால் கேள்வியின் முதல் பாதிக்குப் பதில் வந்துவிடும். நடுநிலையா என்பதற்கு என் கருத்தைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் கொஞ்சம் பின்னணி. 1921-ல் அயர்லாந்து பிரிக்கப்பட்டபோது வடகிழக்கில் இருந்த 6 மாவட்டங்கள் பிரிட்டனோடு தங்கிவிட்டன. பிரிட்டனோடுதான் இருக்க வேண்டும் என்பவர்கள் யூனியனிஸ்ட்கள். தெற்கே இருக்கும் அயர்லாந்துக் குடியரசோடு சேர வேண்டும் என்பவர்கள் நேஷனலிஸ்ட்கள். முதல் தரப்பில் பெரும்பாலோர் புராட்டஸ்டன்ட், இரண்டாம் தரப்பில் பெரும்பாலோர் கத்தோலிக்கர். யார் எந்தப் பக்கம் என்பதை மதம் காட்டிக்கொடுக்கும், ஆனால் சண்டை எந்த நாட்டோடு இருப்பது என்பதில்தான். 1921 முதல் 1972 வரை, வட அயர்லாந்துக்கென்று இருந்த ஸ்டோர்மொன்ட் நாடாளுமன்றத்தில் ஒரே கட்சியின் ஆட்சி: அல்ஸ்டர் யூனியனிஸ்ட் கட்சி. வேலை, அரசு வீடு, தொகுதி எல்லை என்று பலவற்றிலும் கத்தோலிக்கர் ஓரங்கட்டப்பட்டார்கள். 1960களின் கடைசியில் சிவில் உரிமைப் போராட்டம், அதற்குப் பதிலடி, கலவரம், 1969 ஆகஸ்டில் தெருவில் பிரிட்டிஷ் ராணுவம். அடுத்த முப்பது ஆண்டுகளில் ஏறத்தாழ 3,500 பேர் இறந்தார்கள்.

அந்த ரகளையின் ஆரம்பக் கட்டத்தில், 1970 ஏப்ரல் 21 அன்று பிறந்தது அலையன்ஸ் கட்சி. சீர்திருத்தம் பேசிய வட அயர்லாந்துப் பிரதமர் டெரன்ஸ் ஓ'நீல் முந்தைய ஆண்டுதான் சொந்தக் கட்சிக்காரர்களின் எதிர்ப்பால் பதவி விலகியிருந்தார். அவரை ஆதரித்த மிதவாதிகள் நியூ அல்ஸ்டர் மூவ்மென்ட் என்று ஒரு அமைப்பு வைத்திருந்தார்கள். இனி பழைய கட்சிக்குள் இருந்து எதையும் மாற்ற முடியாது என்று தெரிந்ததும் அதிலிருந்து ஒரு பகுதியினர் தனிக்கட்சி கண்டார்கள். முன்னணியில் நின்ற இருவரில் ஆலிவர் நேப்பியர் கத்தோலிக்க வழக்கறிஞர், பாப் கூப்பர் புராட்டஸ்டன்ட். தற்செயலாக அமைந்த ஜோடி இல்லை. உறுப்பினரிலும் பொறுப்பாளரிலும் இரண்டு பக்கத்து ஆட்களும் இருக்க வேண்டும் என்பதுதான் கட்சியின் முதல் நோக்கமே. பிரிட்டனோடு இருப்பதை அன்று வெளிப்படையாகவே ஏற்றுக்கொண்டார்கள். கூடவே, மக்களில் பெரும்பான்மையோர் வேறு முடிவெடுத்தால் அதையும் ஏற்போம் என்றார்கள். 1972 தொடக்கத்தில் ஸ்டோர்மொன்ட் உறுப்பினர்கள் மூன்று பேர் கட்சியில் சேர்ந்தார்கள். அவர்களில் ஃபெலிம் ஓ'நீல் பழைய ஆளும் குடும்பத்து யூனியனிஸ்ட், டாம் கோர்மலி நேஷனலிஸ்ட். சேர்ந்து சில வாரங்களில் லண்டன் அந்த நாடாளுமன்றத்தையே மூடிவிட்டது என்பது வேறு கதை.

சரி, தேர்தல் முறைக்கு வருவோம். 1973-ல் புதிய சட்டமன்றத்துக்குத் தேர்தல் நடத்தியபோது லண்டன் ஒரு நல்ல காரியம் செய்தது. அதிக ஓட்டு வாங்கியவர் ஜெயித்தார் என்ற முறையை விட்டுவிட்டு, ஒரு தொகுதிக்குப் பல உறுப்பினர்கள், வாக்காளர் 1, 2, 3 என்று வரிசையாகக் குறிக்கலாம் என்ற மாற்று வாக்கு முறையைக் கொண்டுவந்தது. நம் ஊரில் ராஜ்யசபா தேர்தலில் எம்.எல்.ஏ.க்கள் போடுகிறார்களே, அதே முறை, அங்கே பொதுமக்களே போடுகிறார்கள். நீங்கள் முதலாவதாகக் குறித்தவர் தோற்றுவிட்டால் உங்கள் ஓட்டு இரண்டாவதாகக் குறித்தவருக்குப் போகும். அவர் தேவைக்கு மேல் வாங்கி ஜெயித்துவிட்டாலும் உபரி ஓட்டு அடுத்தவருக்குப் போகும்.

பிளவுபட்ட சமூகத்தில் இதன் விளைவைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். யூனியனிஸ்ட் வாக்காளர் முதல் ஓட்டைத் தன் கட்சிக்குத்தான் போடுவார். நேஷனலிஸ்ட்டும் அப்படியே. எதிர்ப் பக்கத்துக்கு மூன்றாவது, நான்காவது ஓட்டுப் போட இருவருக்குமே மனம் வராது. ஆனால் அலையன்ஸுக்குப் போடுவதில் பெரிய சங்கடம் கிடையாது. “நம்மவர் இல்லை, ஆனால் அவர்களும் இல்லை” என்ற கணக்கு. ஆக, யாருக்கும் முதல் தேர்வாக இல்லாதவர்கள்கூட இரண்டு பக்கத்து மிச்ச ஓட்டையும் சேர்த்துக் கரையேறலாம். 2003 தேர்தல் இதற்கு நல்ல சான்று. கட்சியின் முதல் விருப்ப ஓட்டு வெறும் 3.7 சதவீதம், 1998-ல் வாங்கிய 6.5-லிருந்து பாதிக்குக் கிட்ட சரிந்தது. செத்தது கட்சி என்று எழுதிய பத்திரிகையாளர்கள் உண்டு. எண்ணி முடித்தபோது இருந்த 6 இடமும் அப்படியே இருந்தன.

இதே கட்சி லண்டன் நாடாளுமன்றத் தேர்தலுக்குப் போனால் கதை தலைகீழ். அங்கே பழைய முறை, ஒரு தொகுதிக்கு ஒருவர். 1979-ல் கிழக்கு பெல்ஃபாஸ்ட்டில் நடந்த மும்முனைப் போட்டி இன்றும் பேசப்படுகிறது. கடும்போக்கு யூனியனிஸ்ட் கட்சியான டி.யு.பி.யின் பீட்டர் ராபின்சன் 15,994, அல்ஸ்டர் யூனியனிஸ்ட் வில்லியம் கிரெய்க் 15,930, அலையன்ஸ் தலைவர் நேப்பியர் 15,066. முதலிடத்துக்கும் மூன்றாமிடத்துக்கும் இடையே 928 ஓட்டு. கட்சி தொடங்கி நாற்பது ஆண்டுகள் ஆகும்வரை அதன் சின்னத்தில் நின்று ஒருவர்கூட லண்டனுக்கு ஜெயித்துப் போகவில்லை.

இன்னொரு பழைய கதையும் சொல்லியாக வேண்டும். 1973 சட்டமன்றத்தில் 8 இடம் பிடித்த அலையன்ஸ், 1974 ஜனவரியில் அமைந்த முதல் அதிகாரப் பகிர்வு அரசில் சேர்ந்தது. யூனியனிஸ்ட்களில் ஒரு பிரிவு, நேஷனலிஸ்ட்களின் எஸ்.டி.எல்.பி., அலையன்ஸ் மூன்றும் கூட்டாக உட்கார்ந்த அரசு அது. நேப்பியர் சட்டத் துறை, கூப்பர் தொழிலாளர் துறை. ஐந்து மாதம்கூட நீடிக்கவில்லை. மே மாதம், அதிகாரப் பகிர்வை எதிர்த்த யூனியனிஸ்ட்களின் அல்ஸ்டர் தொழிலாளர் கவுன்சில் நடத்திய வேலைநிறுத்தத்தில் மின்சாரம் நின்றது, சாலைகள் அடைக்கப்பட்டன, அரசு கவிழ்ந்தது. 1998-ல் எழுதப்பட்ட ஏற்பாட்டின் பெரும்பகுதி 1974-லேயே மேசையில் இருந்தது. இடைப்பட்ட 24 ஆண்டுகளில் போன உயிர்களை நினைத்தால் இன்றும் ஆறாது.

அதற்குப் பிறகு ஏற்ற இறக்கம்தான். 1977 உள்ளாட்சித் தேர்தலில் 14.4 சதவீதம் வாங்கினார்கள். அடுத்த ஆண்டே டேவிட் குக் பெல்ஃபாஸ்ட்டின் மேயரானார், பல பத்தாண்டுகளில் அந்த நகருக்கு யூனியனிஸ்ட் அல்லாத முதல் மேயர். பிறகு 1981-ல் நேஷனலிஸ்ட் ஆயுதக் குழுக்களின் கைதிகள் பத்துப் பேர் சிறையில் உண்ணாவிரதம் இருந்து இறந்தார்கள், அவர்களுக்கு நெருக்கமான நேஷனலிஸ்ட் கட்சி சின் ஃபெய்ன் தேர்தல் களத்துக்கு முழுமூச்சாக வந்தது, மிதவாதம் பேச இடமில்லாமல் போனது. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் அலையன்ஸ் பெரும்பாலும் 6 முதல் 10 சதவீதத்துக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தது.

இப்போது 1998. புனித வெள்ளி உடன்படிக்கை. பேச்சுவார்த்தையில் அலையன்ஸ் முழுமையாகக் கலந்துகொண்டது, வாக்கெடுப்பில் 71 சதவீத மக்கள் ஆமோதித்தார்கள், கட்சித் தலைவராக இருந்த ஜான் ஆல்டர்டைஸ் புதிய சட்டமன்றத்தின் சபாநாயகர் ஆனார். எல்லாம் சரி. ஆனால் அந்த உடன்படிக்கையில் ஒரு விதி இருந்தது. சட்டமன்றத்துக்குள் நுழையும் ஒவ்வொரு உறுப்பினரும் தன்னை யூனியனிஸ்ட், நேஷனலிஸ்ட், மற்றவர் என்ற மூன்றில் ஒன்றாகப் பதிவு செய்ய வேண்டும். அலையன்ஸ் உறுப்பினர்கள் “மற்றவர்” என்று எழுதிக்கொண்டார்கள். முக்கியமான விஷயங்களுக்கு மொத்தப் பெரும்பான்மை மட்டும் போதாது. யூனியனிஸ்ட்களில் இத்தனை, நேஷனலிஸ்ட்களில் இத்தனை என்று தனித்தனியாகவும் ஆதரவு வேண்டும். “மற்றவர்” ஓட்டு மொத்தக் கணக்கில் சேரும், அந்தத் தனிக் கணக்கு இரண்டிலும் சேராது.

ஒரு சமூகம் இன்னொன்றை அமுக்கிவிடக் கூடாது என்ற நியாயமான பயத்தில் எழுதிய விதி. ஐம்பது ஆண்டு ஒருகட்சி ஆட்சியைப் பார்த்தவர்கள் அப்படித்தான் எழுதுவார்கள், அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் நடைமுறையில், பக்கம் சேர்ந்தவர் ஓட்டுக்கு இரண்டு முறை மதிப்பு, பக்கம் சேராதவர் ஓட்டுக்கு ஒரு முறைதான்.

இதன் அபத்தம் 2001 நவம்பரில் வெட்ட வெளிச்சமானது. நேஷனலிஸ்ட் பக்கத்து ஆயுதக் குழுவான ஐ.ஆர்.ஏ. ஆயுதங்களைக் கைவிடாததால் பதவி விலகியிருந்த முதலமைச்சர் டேவிட் டிரிம்பிளை, ஆயுதக் கைவிடல் தொடங்கியபிறகு மீண்டும் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. சபையில் ஏறத்தாழ 70 சதவீதம் பேர் ஆதரித்தார்கள். நேஷனலிஸ்ட் பக்கம் முழு ஆதரவு. டிரிம்பிளின் சொந்தக் கட்சியிலேயே இரண்டு பேர் எதிர்த்ததால் யூனியனிஸ்ட் பக்கத்தில் மயிரிழையில் பெரும்பான்மை தவறியது, தீர்மானம் தோற்றது. அமைதி ஏற்பாடே கவிழும் நிலை. அப்போது அலையன்ஸ் தலைவராகி ஒரு மாதமே ஆகியிருந்த டேவிட் ஃபோர்டும் இன்னும் இரண்டு அலையன்ஸ் உறுப்பினர்களும் தங்களைத் தற்காலிகமாக “யூனியனிஸ்ட்” என்று மறுபதிவு செய்துகொண்டார்கள். நவம்பர் 6 அன்று டிரிம்பிளும், துணை முதலமைச்சராக எஸ்.டி.எல்.பி.யின் மார்க் டர்கனும் தேர்வானார்கள். பக்கமே வேண்டாம் என்று முப்பது ஆண்டாகச் சொல்லிவந்த கட்சி, தன் ஓட்டு எண்ணப்பட வேண்டும் என்பதற்காக ஒரு பக்கத்தின் பெயரை எழுதிக்கொடுத்தது. டி.யு.பி. கொதித்தது, சபை வளாகத்தில் தள்ளுமுள்ளுகூட நடந்தது. பதிலுக்கு இந்த விதியைப் பரிசீலிப்பதாக அலையன்ஸுக்கு உறுதி தரப்பட்டது. அடிப்படையில் ஒன்றும் மாறவில்லை.

இதே விதியின் இன்னொரு முகம், 30 உறுப்பினர்கள் கையெழுத்திட்டால் எந்தத் தீர்மானத்தையும் இரட்டை ஆதரவு தேவைப்படும் ஒன்றாக மாற்றிவிடலாம் என்று 2022 வரை இருந்த ஏற்பாடு. 2015 நவம்பரில் ஒரே பாலினத் திருமணத்தை ஆதரிக்கும் தீர்மானம் 53-க்கு 52 என்று பெரும்பான்மை பெற்றது. டி.யு.பி. இந்த ஏற்பாட்டைப் பயன்படுத்தி அதைத் தடுத்துவிட்டது. எந்த நாட்டோடு இருப்பது என்ற கேள்விக்கும் இரண்டு பேர் கல்யாணம் செய்துகொள்வதற்கும் என்ன சம்பந்தம்? ஒன்றுமில்லை. சிறுபான்மையைக் காக்க வைத்த பூட்டை யார் வேண்டுமானாலும் எந்தக் கதவுக்கும் போடலாம் என்றாகிவிட்டது. கடைசியில் லண்டன் சட்டம் போட்டு 2020-ல்தான் அது அங்கே நடைமுறைக்கு வந்தது.

வேடிக்கை என்னவென்றால், இந்தப் பரஸ்பர அவநம்பிக்கையே அலையன்ஸுக்கு ஒரு அமைச்சர் பதவியையும் வாங்கித் தந்தது. 2010-ல் போலீஸும் நீதித் துறையும் லண்டனிடமிருந்து பெல்ஃபாஸ்ட்டுக்கு வந்தன. நீதி அமைச்சர் பதவியை சின் ஃபெய்ன் கையில் கொடுக்க டி.யு.பி. தயாராக இல்லை. டி.யு.பி. கையில் கொடுக்க சின் ஃபெய்ன் தயாராக இல்லை. மற்ற அமைச்சர் பதவிகள் கட்சிகளின் பலத்துக்கு ஏற்ப வரிசைக் கணக்கில் பிரியும். இதை மட்டும் இரு சமூக ஆதரவோடு சபையே தேர்ந்தெடுக்கும் என்று தனி விதி செய்தார்கள். ஏழே இடம் வைத்திருந்த அலையன்ஸின் டேவிட் ஃபோர்ட் நீதி அமைச்சர் ஆனார். வரிசைக் கணக்குப்படி இது எங்களுக்கு வரவேண்டியது என்று எஸ்.டி.எல்.பி. புலம்பியதிலும் நியாயம் இருந்தது. 2016-ல் அலையன்ஸ் வைத்த நிபந்தனைகள் ஏற்கப்படாததால் பதவியை மறுத்து எதிர்க்கட்சி வரிசைக்குப் போனார்கள். 2020-ல் நயோமி லாங் அதே பதவிக்கு வந்தார், 2024-ல் மீண்டும் வந்தார். துணையை உடலால் அடிக்காமல் மனதளவில் கட்டுப்படுத்தி வதைப்பதையும் குற்றமாக்கிய குடும்ப வன்முறைச் சட்டம் 2021-ல் அவர் காலத்தில் வந்ததுதான்.

நயோமி லாங்கைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கட்சியின் இன்றைய நிலைக்கு அவருடைய பங்கு அவ்வளவு. கிழக்கு பெல்ஃபாஸ்ட்டின் புராட்டஸ்டன்ட் தொழிலாளர் பகுதியில் வளர்ந்தவர், படிப்பால் சிவில் இன்ஜினியர், பெல்ஃபாஸ்ட் மேயராக இருந்தவர். 2010 மே மாதம் அதே கிழக்கு பெல்ஃபாஸ்ட்டில் பீட்டர் ராபின்சனை எதிர்த்து நின்றார். 1979-ல் நேப்பியரைத் தோற்கடித்த அதே ராபின்சன், இப்போது முதலமைச்சரும் டி.யு.பி. தலைவரும் கூட. 1,533 ஓட்டு வித்தியாசத்தில் லாங் ஜெயித்தார். ராபின்சன் குடும்பத்தைச் சுற்றி அந்த ஆண்டு எழுந்த சர்ச்சைகளும் உதவின, மறுப்பதற்கில்லை. ஆனாலும் அலையன்ஸ் சின்னத்தில் லண்டனுக்குப் போன முதல் ஆள் அவர்தான்.

அதற்கு விலை 2012-ல் கேட்கப்பட்டது. பெல்ஃபாஸ்ட் நகர மண்டபத்தின் மேல் 1906 முதல் ஆண்டின் எல்லா நாளும் பிரிட்டிஷ் கொடி பறந்துவந்தது. அதை அடியோடு இறக்கிவிட வேண்டும் என்றார்கள் நேஷனலிஸ்ட் கவுன்சிலர்கள். அப்படியே தொடர வேண்டும் என்றார்கள் யூனியனிஸ்ட்கள். இரண்டு பக்கத்துக்கும் பெரும்பான்மை இல்லை, முடிவு அலையன்ஸ் கையில். அரசு குறித்திருக்கும் விசேஷ நாட்களில் மட்டும், அதாவது ஆண்டுக்கு 18 நாள் அளவில் பறக்கட்டும் என்று அவர்கள் ஒரு திருத்தம் கொண்டுவந்தார்கள். பிரிட்டனிலேயே பல அரசுக் கட்டடங்களில் இருந்த வழக்கம்தான் அது. டிசம்பர் 3 அன்று 29-க்கு 21 என்று நிறைவேறியது.

அந்த வாக்கெடுப்புக்கு முன்பே டி.யு.பி., அல்ஸ்டர் யூனியனிஸ்ட் என்ற இரண்டு கட்சிகளும் அலையன்ஸின் மஞ்சள் நிறத்திலேயே 40,000 துண்டறிக்கை அச்சடித்து வீடு வீடாகக் கொடுத்திருந்தன. வாக்கெடுப்பு முடிந்ததும் மாதக்கணக்கில் மறியல். காரிக்ஃபெர்கஸ் ஊரில் இருந்த அலையன்ஸ் அலுவலகம் கொளுத்தப்பட்டது. கவுன்சிலர்களின் வீடுகள் தாக்கப்பட்டன. லாங்குக்குக் கொலை மிரட்டல் வந்தது. அவர் அலுவலகத்துக்கு வெளியே காவலுக்கு நின்ற போலீஸ் காரில் பெட்ரோல் குண்டு வீசினார்கள். கொடியை முழுதாக இறக்கச் சொன்ன கட்சிகள் மேல் இந்த அளவு கோபம் பாயவில்லை என்பதைக் கவனியுங்கள். எதிரி எதிரியாக நடந்துகொள்வான் என்பது எதிர்பார்த்ததுதானே. நம்மவர் என்று பாதி நம்பியிருந்த ஆள் தன் இஷ்டப்படி ஓட்டுப் போட்டால்தான் துரோகம் என்ற சொல் வருகிறது. 2015-ல் அல்ஸ்டர் யூனியனிஸ்ட் கட்சி வேட்பாளரை நிறுத்தாமல் வழிவிட, லாங் அந்தத் தொகுதியை டி.யு.பி.யின் கேவின் ராபின்சனிடம் இழந்தார். ஆனால் அவர் வாங்கிய ஓட்டு குறையவில்லை, கூடியிருந்தது.

அப்புறம் எப்படி வளர்ந்தார்கள்? 2016 பிரெக்சிட் வாக்கெடுப்பு ஒரு திருப்பம். வட அயர்லாந்தில் 55.8 சதவீதம் பேர் ஐரோப்பிய ஒன்றியத்திலேயே இருக்க வேண்டும் என்றார்கள், ஆனால் மொத்த நாட்டின் முடிவு வேறு. டி.யு.பி. வெளியேறும் பக்கம் நின்றது. அதில் உடன்பாடு இல்லாத, படித்த, நகர்ப்புற யூனியனிஸ்ட் வாக்காளருக்குப் போக ஒரு இடம் தேவைப்பட்டது. கூடவே 2017 ஜனவரி முதல் 2020 ஜனவரி வரை டி.யு.பி., சின் ஃபெய்ன் சண்டையில் சட்டமன்றமே இயங்கவில்லை. மருத்துவமனையில் காத்திருப்புப் பட்டியல் நீண்டுகொண்டே போகும்போது அமைச்சரே இல்லை என்றால் யாருக்குத்தான் எரிச்சல் வராது? 2019 உள்ளாட்சித் தேர்தலில் அலையன்ஸ் கவுன்சிலர்கள் 32-லிருந்து 53 ஆனார்கள். அதே மாதம் ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தலில் லாங் 18.5 சதவீதம் வாங்கி மூன்று இடங்களில் ஒன்றைப் பிடித்தார். 1979 முதல் இரண்டு யூனியனிஸ்ட், ஒரு நேஷனலிஸ்ட் என்றே இருந்த கணக்கு அன்று உடைந்தது. டிசம்பரில் ஸ்டீபன் ஃபாரி நார்த் டவுன் தொகுதியில் ஜெயித்து லண்டன் போனார். 2022 சட்டமன்றத் தேர்தலில் 8 இடம் 17 ஆனது, மூன்றாவது பெரிய கட்சி. முதல் விருப்ப ஓட்டு 13.5 சதவீதம், கிடைத்த இடம் 90-ல் 17, அதாவது கிட்டத்தட்ட 19 சதவீதம். மேலே சொன்ன மிச்ச ஓட்டுக் கணக்கு இங்கேயும் வேலை செய்திருக்கிறது.

மக்கள்தொகையும் மெல்ல மாறுகிறது. 2021 கணக்கெடுப்பில், கத்தோலிக்கர் அல்லது அந்தப் பின்னணி கொண்டவர் 45.7 சதவீதம், புராட்டஸ்டன்ட் மற்றும் பிற கிறிஸ்தவப் பின்னணி 43.5 சதவீதம். இந்த எண்ணைத்தான் எல்லோரும் தலைப்பாகப் போட்டார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகத் தோன்றுவது வேறு இரண்டு எண்கள்: மதம் இல்லை என்றவர் 17.4 சதவீதம், தன்னை பிரிட்டிஷ் என்றோ ஐரிஷ் என்றோ சொல்லாமல் “வட அயர்லாந்துக்காரர்” என்று மட்டும் சொன்னவர் 19.8 சதவீதம். இவர்கள் எல்லோரும் அலையன்ஸுக்குத்தான் போடுவார்கள் என்று சொல்லவில்லை, பலர் ஓட்டுப் போடவே போவதில்லை. ஆனால் கட்சிக்கு வயல் இவர்கள்தான்.

குறைகளையும் சொல்ல வேண்டும். 2022-ல் ஜெயித்த 17 இடங்களையும் வரைபடத்தில் வைத்துப் பாருங்கள். பெரும்பாலும் பெல்ஃபாஸ்ட், அதைச் சுற்றியுள்ள வசதியான புறநகர்கள், கிழக்குக் கரை. மேற்கு பெல்ஃபாஸ்ட்டில் ஒன்றுமில்லை. டெரி நகரம் இருக்கும் ஃபாயிலில் இல்லை, டைரோனில் இல்லை, ஃபெர்மானாவில் இல்லை. கலவரத்தில் அதிகம் அடிபட்ட, வேலையில்லாத, இரு சமூகத்தையும் பிரிக்கும் மதில் சுவர்கள் நடுவே வாழும் மக்களிடம் இந்தக் கட்சி பெரிதாகப் போய்ச் சேரவில்லை. “பிளவை மறந்துவிடலாம்” என்று சொல்வது, பிளவால் பெரிதாக இழக்காதவர்களுக்கு எளிது என்ற விமர்சனம் ஐம்பது ஆண்டாக இருக்கிறது. அதில் உண்மை இருக்கிறது என்றே நினைக்கிறேன். 2024 லண்டன் நாடாளுமன்றத் தேர்தலும் ஒரு தட்டுத் தட்டியது: லாகன் வேலி தொகுதியை சோர்ச்சா ஈஸ்ட்வுட் டி.யு.பி.யிடமிருந்து பிடித்தார், ஆனால் ஃபாரி நார்த் டவுனை இழந்தார், லாங்கால் கிழக்கு பெல்ஃபாஸ்ட்டை மீட்க முடியவில்லை.

இதோடு சேர்த்து ஒன்று, ஏனென்றால் அலையன்ஸை “நிறம் பார்க்காத அப்பாவிகள்” என்று நினைப்பவர்கள் உண்டு. நிறுவனர்களில் ஒருவரான பாப் கூப்பர் என்ன ஆனார் தெரியுமா? 1976-ல் உருவான நியாய வேலைவாய்ப்பு ஆணையத்தின் தலைவரானார். பிற்பாடு 1989 சட்டத்தில், நிறுவனங்கள் தங்கள் ஊழியர்களில் எத்தனை கத்தோலிக்கர், எத்தனை புராட்டஸ்டன்ட் என்று எண்ணிக் கணக்குக் காட்ட வேண்டும் என்பது கட்டாயமானது. சொல்ல மறுத்தால் எந்தப் பள்ளியில் படித்தீர்கள் என்று பார்த்துப் பிரிப்பார்கள். அதாவது, இரு சமூகமும் வேண்டாம் என்ற கட்சியின் நிறுவனர், இரு சமூகத்தையும் தலை எண்ணும் துறையை இருபது ஆண்டுக்கு மேல் நடத்தினார். முரண் போலத் தெரியும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வேலையில் யார் ஒதுக்கப்படுகிறார்கள் என்று கண்டுபிடிக்க எண்ணித்தான் ஆக வேண்டும். சபையில் ஒருவர் ஓட்டு எவ்வளவு கனம் என்று முடிவுசெய்ய எண்ணுவது வேறு காரியம்.

கல்வியில் இவர்கள் நிலைப்பாடு தொடர்ச்சியாக ஒன்றுதான். அங்கே பெரும்பாலான பிள்ளைகள் இன்றும் கத்தோலிக்கப் பள்ளி அல்லது புராட்டஸ்டன்ட் பிள்ளைகள் நிறைந்த அரசுப் பள்ளி என்று பிரிந்தே படிக்கிறார்கள். 1981-ல் சில பெற்றோர் சேர்ந்து 28 மாணவர்களோடு லாகன் கல்லூரி என்ற முதல் கலப்புப் பள்ளியைத் தொடங்கினார்கள். நாற்பது ஆண்டு கழித்தும் கலப்புப் பள்ளிகளில் படிப்பவர் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. அலையன்ஸின் கெல்லி ஆம்ஸ்ட்ராங் தனிநபர் மசோதாவாகக் கொண்டுவந்து 2022-ல் நிறைவேறிய கலப்புக் கல்விச் சட்டம் அதைக் கொஞ்சம் தள்ளிவிட முயல்கிறது.

இனி கேள்வியின் இரண்டாம் பாதி. நடுநிலையா? நேஷனலிஸ்ட்கள் இதை ரொம்ப காலம் “மென்மையான யூனியனிஸ்ட் கட்சி” என்றார்கள். தொடக்க நிலைப்பாட்டைப் பார்த்தால் அது முழுப் பொய்யும் இல்லை. கொடி விவகாரத்துக்குப் பிறகு யூனியனிஸ்ட்கள் இதை “மறைமுக நேஷனலிஸ்ட்” என்கிறார்கள். இன்று கட்சிக்கு எந்த நாட்டோடு இருப்பது என்ற கேள்வியில் நிலைப்பாடே கிடையாது. உறுப்பினர் எப்படியும் இருக்கலாம். எண்பதுகளில் தலைவராக இருந்த ஜான் குஷ்னஹான் பின்னர் தெற்கே போய் ஃபினெ கேல் கட்சி சார்பில் ஐரோப்பிய நாடாளுமன்ற உறுப்பினரானார். ஆல்டர்டைஸ் லண்டன் பிரபுக்கள் சபையில் லிபரல் டெமாக்ரட்களோடு அமர்ந்தார். ஹாங்காங்கில் பிறந்து 2007-ல் தெற்கு பெல்ஃபாஸ்ட்டில் ஜெயித்த அன்னா லோ, தனிப்பட்ட முறையில் ஒன்றுபட்ட அயர்லாந்தையே விரும்புவதாக வெளிப்படையாகச் சொன்னார். கட்சி அவரை நீக்கவில்லை, 2014 ஐரோப்பியத் தேர்தலில் தன் வேட்பாளராகவே நிறுத்தியது. அந்தத் தேர்தலில் கட்சிக்கு ஓட்டுக் கூடவும் செய்தது.

என் கருத்து இது: அலையன்ஸ் இரண்டு பக்கத்துக்கும் நடுவில் நிற்கும் கட்சி என்பது முழு விளக்கம் ஆகாது. அந்தக் கேள்வியை முதல் கேள்வியாக வைக்கவே மறுக்கும் கட்சி. இதில் ஒரு பலவீனம் இருக்கிறது. ஒருநாள் அயர்லாந்தோடு இணைப்பு பற்றிய வாக்கெடுப்பு நடந்தே தீரும் என்றால் அன்று ஆம் அல்லது இல்லை என்று இரண்டு கட்டம்தான் சீட்டில் இருக்கும், “மற்றவர்” என்று மூன்றாவது கட்டம் இருக்காது. அலையன்ஸ் வாக்காளர்கள்தான் அன்று முடிவைத் தீர்மானிப்பார்கள், ஆனால் கட்சியாக அவர்களுக்குச் சொல்ல என்ன வைத்திருக்கிறது என்பது தெளிவாக இல்லை.

கடைசியாக, இவர்கள் ஆட்சித் தலைமைக்கு வர முடியுமா என்று அடுத்த கேள்வி வரும் என்பதால் அதையும் சொல்லிவிடுகிறேன். இப்போதுள்ள விதிப்படி மிகப் பெரிய கட்சி முதலமைச்சரை நியமிக்கும். ஆகவே அலையன்ஸ் முதலிடம் பிடித்தால் முதலமைச்சர் பதவி கிடைக்கும். ஆனால் இரண்டாமிடம் பிடித்தால் துணை முதலமைச்சர் பதவி தானாக வராது. அதற்குக் கட்சியின் பலத்தை மட்டும் பார்க்க மாட்டார்கள், “மற்றவர்” என்ற வகையே யூனியனிஸ்ட்களையோ நேஷனலிஸ்ட்களையோ எண்ணிக்கையில் தாண்ட வேண்டும். 2022-ல் கணக்கு யூனியனிஸ்ட் 37, நேஷனலிஸ்ட் 35, மற்றவர் 18. அந்த இரண்டு பதவிகளில் ஒன்று காலியானாலும் அரசு நின்றுவிடும். 2022 பிப்ரவரியில் டி.யு.பி. விலகியபோது சட்டமன்றம் இரண்டு ஆண்டு முடங்கியது அதனால்தான். இரண்டு பதவிக்கும் சம அதிகாரம் என்பதால் இருவரையும் “இணை முதலமைச்சர்” என்றே அழைக்கலாம், ஒரு கட்சி விலகினால் அடுத்த கட்சி நிரப்பலாம் என்று அலையன்ஸ் கேட்டுக்கொண்டிருக்கிறது. மாற்ற வேண்டிய சட்டம் லண்டன் நாடாளுமன்றத்தில் இருக்கிறது. டி.யு.பி.யும் சின் ஃபெய்னும் சேர்ந்து கேட்காமல் லண்டன் அதைத் தொடத் தயங்குகிறது. அரசை முடக்கும் அந்த அதிகாரத்தை இரண்டு கட்சிகளுமே ஒவ்வொரு முறை பயன்படுத்திப் பார்த்திருக்கின்றன, 2017-ல் சின் ஃபெய்ன், 2022-ல் டி.யு.பி.